பாஸ்ற்நெற் 1979: இன்பக் கடற்செலவும் பாதுகாப்புச் சிந்தனையும்

மனிதன் கடலிற் செல்லத் தொடங்கிய காலம் வரலாற்றுக்கு எட்டாதது. ஆயின் அவன் இன்பத்துக்காகக் கடலிற் செல்லத் தொடங்கியமை அண்மைக்கால நிகழ்ச்சியே. மீன்பிடிக்கவும் வாணிகஞ் செய்யவும் போர்புரியவும் கடலை நாடியவனுக்கு வேறு வழி இருக்கவில்லை. அவனுடைய பாதுகாப்பு, தந்தையிடமிருந்து மகனுக்கு வந்த காற்றறிவிலும் நீரோட்ட அறிவிலும் தங்கியிருந்தது. சோளகம் உரங்கொள்ளும் காலத்தில் எப்போது தோணியைக் கரையேற்ற வேண்டும் என்பதை எந்த நூலும் அவனுக்குக் கற்பிக்கவில்லை. பொழுதுபோக்காகப் பாய்விரிப்பவனின் நிலை வேறு. வாரத்தில் ஐந்து நாள் அலுவலகத்திலோ தொழிற்சாலையிலோ இருப்பவன், விடுமுறையிற் கடலோடியாகின்றான். பரம்பரை அறிவு இல்லாத இடத்தை நிரப்ப அவனுக்குக் கருவிகளும் விதிகளும் தேவைப்பட்டன. அக்கருவிகள் எந்த அளவுக்கு அவ்விடத்தை நிரப்ப வல்லன என்ற வினா, 1979 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 13 ஆந் திகதி இரவு, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் இடைப்பட்ட கெல்ற்றிக் கடலில் மிகக் கொடிய முறையில் எழுந்தது.

அவ்விரவை விளங்கிக்கொள்வதற்கு அதற்கு முந்திய காலத்தைச் சிறிது நோக்குதல் வேண்டும். 1895 ஆம் ஆண்டு தொடக்கம் 1898 ஆம் ஆண்டு வரை தன்னந்தனியே உலகைச் சுற்றிவந்த ஜோசுவா ஸ்லோக்கம், வாழ்நாள் முழுவதையும் கப்பற்றொழிலிற் கழித்தவர். பழைய படகொன்றைத் தம் கையாலேயே புதுக்கிக்கொண்டு புறப்பட்ட அவருக்கு வானொலியும் இல்லை, உயிர்காப்பு மிதவையும் இல்லை. 1909 ஆம் ஆண்டில் மீண்டுந் தனியே புறப்பட்டவர் திரும்பி வரவில்லை. இன்பக் கடற்செலவின் தொடக்ககால அறம் இதுவேயாகும்: தன் விருப்பத்தாற் கடலுக்குச் சென்றவன் தன்னைத் தானே காத்துக்கொள்ளல் வேண்டும், இயலாவிடின் எவரையும் தொல்லைப்படுத்தாது மாளல் வேண்டும். 1960 ஆம் ஆண்டில் அத்திலாந்திக் சமுத்திரத்தைத் தனியே கடக்கும் போட்டியை ஏற்படுத்தியவர்களுள் முதன்மையானவரான ஹாஸ்லர், ஆபத்துக்குட்பட்டவன் உதவி கோருவதிலும் பார்க்கக் கனவானைப் போல மூழ்குவதே தக்கது என்னுங் கருத்துடையவராயிருந்தார் என்று கூறப்படுவதுண்டு. அப்போட்டியிற் பங்குபற்றியோர் ஐவரே. ஐவருக்குப் பொருந்திய அறம் ஆயிரக்கணக்கானோருக்குப் பொருந்துமா என்பது அன்று எவரும் எண்ணிப் பார்க்காத விடயம்.

பாஸ்ற்நெற் போட்டி 1925 ஆம் ஆண்டில் ஏழு படகுகளுடன் ஆரம்பமானது. வைற் தீவிலுள்ள கௌஸ் துறையிற் புறப்பட்டு, இங்கிலாந்தின் தென்கரை வழியே மேற்கு நோக்கிச் சென்று, திறந்த கடலைக் கடந்து, அயர்லாந்தின் தென்மேற்கு மூலைக்கு அப்பாலுள்ள பாஸ்ற்நெற் பாறையைச் சுற்றிப் பிளிமத் துறைக்கு மீள்வதே 1979 ஆம் ஆண்டில் அதன் பாதையாயிருந்தது. அன்றைய தூரம் 600 கடல்மைலுக்குச் சற்று மேல். முதற் போட்டியில் வெற்றியீட்டிய ‘ஜோலி பிறீஸ்’, பிரான்சின் லு ஆவ்ர் துறையில் வழிகாட்டிகளைக் கப்பல்களுக்குக் கொண்டுசெல்லும் தொழிலுக்காக 1913 இற் கட்டப்பட்ட படகாகும். எந்தக் காலநிலையிலும் கடலில் நிற்க வேண்டியிருந்த தொழிற்படகு அது. பாரமானது, ஆழமானது, வேகங் குறைந்தது. பின்வந்த படகுகள் அவ்வழியிற் செல்லவில்லை. போட்டியில் வெல்வதே நோக்கமாகியபோது படகின் அமைப்பை அளவீட்டு விதிகள் தீர்மானிக்கத் தொடங்கின. 1970 ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்த சர்வதேச அளவீட்டு விதியின்கீழ்க் கட்டப்பட்ட படகுகள் அகன்ற நடுப்பகுதியும் இலேசான உடலும் கொண்டவை. அமைதியான நீரில் அகலம் படகை நிமிர்த்தி வைக்கும். ஆனால் தலைகீழாகக் கவிழ்ந்த படகை அதே அகலம் தலைகீழாகவே நிலைநிறுத்தவும் கூடும். இந்த இரண்டாவது உண்மை ஏட்டளவில் அறியப்பட்டிருந்தது எனலாம். அதை அனுபவத்தில் அறியும் வாய்ப்பு அதுவரை பெருந்தொகையானோருக்குக் கிட்டவில்லை.

1979 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 11 ஆந் திகதி சனிக்கிழமை கௌஸ் துறையிலிருந்து 303 படகுகள் புறப்பட்டன. பிரித்தானியாவின் முன்னாட் பிரதமர் எட்வேட் ஹீத், அமெரிக்கச் செல்வந்தர் ரெட் ரேணர் போன்றோரும் அவற்றிற் சென்றனர். ஆயினும் பெரும்பான்மையோர் சிறிய படகுகளிற் சென்ற சாதாரண விடுமுறைக் கடலோடிகளே. முதலிரு நாட்களும் காற்று மெலிந்தும் இடையிடையே பனிமூட்டம் சூழ்ந்தும் இருந்தன. அதே நாட்களில் வட அமெரிக்காவின் உட்பகுதியிலே தோன்றிய தாழமுக்கமொன்று அத்திலாந்திக் சமுத்திரத்தை விரைந்து கடந்து, அயர்லாந்தை அணுகும்போது திடீரென ஆழமடைந்தது. 13 ஆந் திகதி பிற்பகல் வானொலியிற் கூறப்பட்ட கப்பல்களுக்கான முன்னறிவிப்பு, போஃபோட் அளவுத்திட்டத்தில் 6 முதல் 7 வரையான காற்றையே எதிர்பார்த்தது. பின்னர் 8 என்றும், மாலையில் 9 என்றும், நள்ளிரவு நெருங்கும் வேளையில் 10 என்றும் எச்சரிக்கைகள் உயர்ந்தன. அளவு 10 என்பது மணிக்கு ஏறத்தாழ 50 கடல்மைல் வேகமுடைய சூறைக்காற்றாகும். எச்சரிக்கை உச்சநிலையை எய்தியபோது காற்றும் எய்திவிட்டது. கரைக்குத் திரும்பப் போதிய நேரம் எவருக்கும் இருக்கவில்லை. படகுகளிற் பெரும்பாலானவை பாறைக்கும் இங்கிலாந்தின் முனைக்கும் இடையிலான, ஒதுங்குவதற்குத் துறையில்லாத திறந்த வெளியிற் பரந்து கிடந்தன.

காற்றினும் பார்க்கக் கடலே கொடிதாயிருந்தது. தென்மேற்கிலிருந்து வீசிய காற்று நள்ளிரவின் பின் வடமேற்குக்குத் திரும்பியபோது, முந்திய காற்றெழுப்பிய அலைகளைப் புதிய அலைகள் குறுக்கே வெட்டின. நாற்பது அடி உயரம் வரை எழுந்த அலைகள் செங்குத்தாகி உடைந்தன. சிறு படகொன்றைக் கவிழ்ப்பது காற்றன்று, உடையும் அலையே. இஃது இன்று ஐயத்துக்கிடமின்றி ஏற்றுக்கொள்ளப்பட்ட முடிபு. போட்டியின் பின் விசாரணையாளர் அனுப்பிய வினாக்கொத்துக்கு 235 படகுகளிலிருந்து விடைகள் கிடைத்தன. அவற்றுள் ஏறத்தாழ அரைப்பங்கினர் தம் படகின் பாய்மரம் நீரைத் தொடுமளவுக்கு விழுத்தப்பட்டதாகக் கூறினர். மூன்றிலொரு பங்கினர் அதற்கும் அப்பாற் சாய்ந்ததாக, சிலர் முற்றாகவே புரண்டதாகக் கூறினர். விடியும்போதும் அடுத்த நாளும் அரச கடற்படையின் உலங்குவானூர்திகளும், கரையோர உயிர்காப்புப் படகுகளும், போட்டிக்குத் துணையாகச் சென்ற ஒல்லாந்துப் போர்க்கப்பலும், அயர்லாந்துக் கடற்படைக் கப்பலும், அயலிற் சென்ற வாணிகக் கப்பல்களும் மீட்புப்பணியில் ஈடுபட்டன. இறுதிக் கணக்கில், புறப்பட்ட 303 படகுகளுள் 85 மாத்திரமே போட்டியை நிறைவுசெய்தன, 194 விலகின, 24 படகுகளை அவற்றின் மாலுமிகள் கைவிட்டனர். போட்டியாளருள் 15 பேர் மாண்டனர். போட்டியைச் சாராத படகொன்றிற் சென்றோரும் அதே புயலில் உயிரிழந்தனர்.

இவ்வெண்களுள் மறைந்திருக்கும் ஓர் உண்மையே அந்நிகழ்ச்சியை வரலாற்று முக்கியத்துவம் உடையதாக்கியது. கைவிடப்பட்ட 24 படகுகளுள் மூழ்கியவை ஐந்து மாத்திரமே. எஞ்சிய 19 படகுகளும், மனிதர் எவரும் இல்லாமல், பாய்கள் கிழிந்தும் பாய்மரம் முறிந்தும், புயல் ஓய்ந்தபின் மிதந்துகொண்டிருக்கக் காணப்பட்டன. இறந்த பதினைவருள் எழுவரின் சாவு உயிர்காப்பு மிதவையோடு தொடர்புடையது. அவ்வெழுவரும் விட்டுச்சென்ற படகுகள் பின்னர் மிதந்த நிலையிற் கண்டெடுக்கப்பட்டுத் துறைக்கு இழுத்து வரப்பட்டன. ‘ற்றோபி’ என்னும் படகின் மாலுமிகள் ஏறிய மிதவை அலைகளிற் புரண்டு, மேலும் கீழுமாக இணைக்கப்பட்டிருந்த அதன் காற்றுவளையங்கள் பிரிந்தமையால் மூவர் இறந்தனர். ‘ஆரியாட்னி’ என்னும் படகைவிட்டு மிதவையில் ஏறியவர்களுள் மூவர் மாண்டனர். காப்பதற்கென விலைகொடுத்து வாங்கி, விதிப்படி சோதித்து, மேற்றளத்திற் கட்டிவைத்த பொருள் கொல்லும் பொருளாயிற்று. இதனை மிதவை செய்தோரின் குற்றம் என்று மட்டும் கூறி அமைதல் பொருந்தாது. மிதவை என்பது படகு மூழ்கும்போது எஞ்சும் இறுதி வழி. இருளிலும் குளிரிலும் களைப்பிலும், பலமுறை புரட்டப்பட்ட படகினுள் முழங்காலளவு நீரில் நின்றவர்களுக்கு அது முதல்வழியாகத் தோன்றியது. கரையிலிருந்து இதனைப் பிழையெனக் கூறுதல் எளிது.

‘கிறிமல்கின்’ என்னும் முப்பதடிப் படகின் கதை இதனை மேலும் சிக்கலாக்குகின்றது. அறுவர் சென்ற அப்படகு கவிழ்ந்து நிமிர்ந்தபோது தலைவர் கடலோடு போய்விட்டார். இருவர் அசைவற்றுக் கிடந்தனர். அவ்விருவரும் இறந்துவிட்டனர் எனக் கொண்ட ஏனைய மூவரும் மிதவையில் ஏறிச் சென்று உயிர்தப்பினர். இறந்தவராகக் கருதப்பட்ட இருவரும் உண்மையில் உயிருடனிருந்தனர். அவர்களுள் ஒருவர் சிறிது நேரத்தில் இறக்க, மற்றவரான நிக் வார்ட், நீர் நிறைந்த படகினின்று நீரை வாளியால் இறைத்தவண்ணம் இறந்த தோழரின் அருகே பகல் முழுவதையும் கழித்து, மாலையில் உலங்குவானூர்தியால் மீட்கப்பட்டார். தம் அனுபவத்தை அவர் நூலாக வெளியிட்டது 2007 ஆம் ஆண்டில், இருபத்தெட்டு ஆண்டுகளின் பின்னரேயாகும். மிதவையிற் சென்ற மூவரும் பிழைத்தனர், படகில் எஞ்சிய இருவருள் ஒருவர் பிழைத்தார். இந்நிகழ்ச்சியிலிருந்து எந்த விதியையும் எளிதில் வகுத்துவிட இயலாது.

இறப்புக்களின் இன்னொரு பகுதி பாதுகாப்பு வார்களோடு தொடர்புடையது. மார்பைச் சுற்றி அணியப்படும் வார், ஒரு கயிற்றாலும் கொழுக்கியாலும் படகோடு பிணைக்கப்படும். அறுவர் வரை, இப்பிணைப்பு அறுந்தோ கழன்றோ போனமையாற் கடலில் இழக்கப்பட்டனர். வாரின் துணி வலியதாயிருந்தும் கொழுக்கி முறுக்குண்டபோது தானாகத் திறந்துகொண்டமை ஒரு காரணம். வாரைப் பிணைப்பதற்கெனத் தனியான பிடிகள் இல்லாத படகுகளில், கைபிடிக்கவென அமைந்த மெல்லிய கம்பிவேலியில் அதனைக் கொழுவியமை இன்னொன்று. ஒருவனுடைய பாதுகாப்பு அவன் அணிந்த பொருளில் மட்டுமன்றி, அப்பொருள் சென்று முடியும் ஆணியிலும் தங்கியுள்ளது என்பது மனங்கொள்ளத்தக்கது. பின்னர் வந்த கொழுக்கிகள், இரு செயல்களை ஒருங்கே செய்தாலன்றித் திறவாத பூட்டுக்களுடன் அமைந்தன. மேற்றளத்தின் நீளத்துக்குத் தனிக்கயிறு இட்டு அதிலேயே வாரைக் கொழுவும் வழக்கமும் பரவியது.

பிரித்தானியாவின் பாய்ப்படகுச் சங்கமும் போட்டியை நடாத்திய கழகமும் கூட்டாக நிகழ்த்திய விசாரணையின் அறிக்கை அதே ஆண்டு டிசம்பர் மாதத்தில் வெளிவந்தது. போட்டியை நடாத்தியோரே அதனை விசாரித்தமை ஐயுறவுக்கு இடமளிக்கலாம். ஆயினும் அறிக்கையின் போக்கு பெரும்பாலும் ஒளிவுமறைவற்றது. புயலில் இன்ன உபாயமே சிறந்தது என்று அது கூறவில்லை. பாய்களை இறக்கி அலையிற் கிடந்தோரும், காற்றின்முன் ஓடியோரும், சிறுபாயுடன் நின்றோரும் தப்பியும் மாண்டும் இருந்தனர். ஆனால் சிறு குறைகளின் கூட்டு விளைவை அது தெளிவாகக் காட்டியது. படகறையின் வாயிலை அடைக்கும் பலகைகள் பூட்டப்படாமையால், படகு புரண்டவேளையில் அவை நழுவி வீழ, அடுத்த அலை நேரே அறையினுட் புகுந்தது. அறையினுள்ளே மின்கலங்களும் அடுப்பும் உணவுத் தகரங்களும் கட்டப்படாதிருந்து, புரளும் படகில் எறிபடைகளாயின. புதிதாகப் புழக்கத்துக்கு வந்த கரியிழைகொண்டு செய்யப்பட்ட சுக்கான்கள் பல முறிந்தன. கடுஞ்சூறைக்குரிய சிறுபாய் பல படகுகளில் இருக்கவில்லை. வானொலி ஒலிவாங்கியே விதிப்படி கட்டாயமானது, ஒலிபரப்பி அன்று. எனவே எச்சரிக்கையைக் கேட்கக்கூடியவன் தன் நிலையை எவருக்கும் கூற இயலாதவனாயிருக்கக்கூடும். கூற முடிந்தவர்களிற் பலர் தாம் எங்கே இருக்கின்றனர் என்பதையே சரியாக அறியாதிருந்தனர். செய்மதி வழிகாட்டல் இல்லாத அக்காலத்தில், மேகமூடிய இரவிற் கணித்த நிலை பல மைல் பிசகுவது இயல்பு. பின்வந்த போட்டிகளில் வானொலித் தொடர்புக் கருவியும் சூறைப்பாயும் கட்டாயமாக்கப்பட்டன. படகுகளின் தொகைக்கும் எல்லை வகுக்கப்பட்டது.

படகின் அமைப்புப் பற்றிய வினாவே ஆழமானது. மிகச் சிறிய படகுகளைக் கொண்ட ஐந்தாம் பிரிவிற் புறப்பட்டவை 58. போட்டியை முடித்தது ஒன்றே. ‘அசென்ற்’ எனப் பெயரிய அப்படகு ‘கொன்ரெஸா 32’ எனப்படும் வகையைச் சேர்ந்தது. ஒடுங்கிய உடலும் பாரமான ஏராவும் உடைய, அன்றைய பந்தய நாகரிகத்துக்குச் சற்றுப் பழைமைப்பட்ட படகு. விசாரணையாளர் இவ்வகைப் படகையும் கிறிமல்கின் வகைப் படகையும் கணித்து ஒப்பிட்டனர். கொன்ரெஸா ஏறத்தாழ 155 பாகை வரை சாய்க்கப்பட்டாலும் தானே நிமிர வல்லது. மற்றையது ஏறத்தாழ 117 பாகையைக் கடந்ததும் தலைகீழாகவே நிற்க விழைவது. தலைகீழாகக் கிடக்கும் ஐந்து நிமிடம், வாரினாற் பிணைக்கப்பட்டு நீருக்கடியில் அகப்பட்டவனுக்கு ஒரு வாழ்நாள். அடுத்துவந்த ஆண்டுகளிற் பிரித்தானியாவிலும் அமெரிக்காவிலும் மாதிரிப் படகுகளைத் தொட்டிகளிற் கவிழ்த்து நடாத்தப்பட்ட ஆய்வுகளின் பயனாக, படகொன்று எந்தக் கோணம் வரை நிமிரும் ஆற்றலுடையது என்பது நெடுந்தூரப் போட்டிகளுக்கு அனுமதிக்கும் அளவுகோல்களுள் ஒன்றாயிற்று. மேற்றளத்திற் கட்டிவைக்கும் எந்தப் பொருளையும் விடப் பாதுகாப்புக் கூடிய கருவி படகின் உருவமே என்பதைக் கப்பற்சிற்பிகள் எண்களால் நிறுவினர்.

ஆனால் வரலாறு நேர்கோட்டிற் செல்வதில்லை. 1998 ஆம் ஆண்டு டிசம்பர் 26 ஆந் திகதி, அவுஸ்திரேலியாவின் சிட்னியிலிருந்து ஹோபாட் நோக்கி 115 படகுகள் புறப்பட்டன. பாஸ் நீரிணையிற் புயல் தாக்க, 44 படகுகளே போட்டியை முடித்தன, ஐந்து மூழ்கின, 55 பேர் மீட்கப்பட்டனர், அறுவர் இறந்தனர். மீண்டும் ஒருவர் வார் அறுந்து கடலோடு போனார். ‘வின்ஸ்ரன் சேர்ச்சில்’ என்னும் மரப்படகு உண்மையாகவே மூழ்கியதால் மாலுமிகள் மிதவைகளில் ஏறினர். இங்கு படகைவிட்டு நீங்கியதிற் பிழை கூறுவதற்கில்லை. ஐவர் ஏறிய மிதவை கவிழ்ந்தது. உள்ளே மூச்சுக்காற்று குறைய, தம்மைத் தாங்கிய மிதவையின் அடித்துணியையே அவர்கள் வெட்டித் துளையிட்டனர். பின்னர் வந்த அலையில் மூவர் அடித்துச் செல்லப்பட்டனர். மரண விசாரணையின்போது வெளிப்பட்ட இன்னொரு விடயம் கவனிக்கற்பாலது. முன்னறிவிப்பிற் கூறப்படும் காற்றுவேகம் சராசரியே என்பதையும், இடையிடையே எழும் வீச்சுக்கள் அதனிலும் 40 சதவீதம் கூடுதலாயிருக்கலாம் என்பதையும் அனுபவம் மிக்க படகுத்தலைவர்களே அறியாதிருந்தனர். கருவி கையிலிருந்தது, அது பேசிய மொழி விளங்கவில்லை. அதன் பின்னரே, மிதவையில் ஏறுவதையும் கவிழ்ந்த மிதவையை நிமிர்த்துவதையும் நீச்சற் குளத்திற் பழகும் பயிற்சி, மாலுமிகளின் ஒரு பகுதியினருக்குக் கட்டாயமாகியது.

இதற்கிடையில் ஹாஸ்லரின் அறமும் ஓசையின்றி மறைந்துபோயிற்று. பாஸ்ற்நெற் புயல் வீசிய அதே 1979 ஆம் ஆண்டின் நவம்பர் மாதத்தில், அமெரிக்கா, சோவியத் ஒன்றியம், கனடா, பிரான்சு ஆகிய நாடுகள் ஆபத்துச் சைகைகளைச் செய்மதி வழியாகக் கண்டறியும் கூட்டுத்திட்டத்துக்கு உடன்பட்டன. 1982 ஆம் ஆண்டில் முதற் செய்மதி ஏவப்பட்ட சில மாதங்களிலேயே அதன்மூலம் முதலாவது மீட்பு நிகழ்ந்தது. கைக்கடங்கும் சைகைக்கருவியை அழுத்தியவன் எப்பெருங்கடலில் இருந்தாலும் அவனைத் தேடிச் செல்வது அரசுகளின் கடமையாயிற்று. 2018 ஆம் ஆண்டில், 1968 ஆம் ஆண்டின் கருவிகளை மட்டுமே கொண்டு உலகைச் சுற்றும் போட்டியொன்று நடாத்தப்பட்டபோதும் ஆபத்துச் சைகைக்கருவிகள் விலக்கப்படவில்லை. அப்போட்டியிற் தென்னிந்து சமுத்திரத்திற் படகு புரண்டு முதுகெலும்பு முறிந்து அசைய இயலாது கிடந்த இந்தியக் கடற்படை அதிகாரி அபிலாஷ் ரொமியை, பிரெஞ்சுக் கப்பலொன்று செப்டெம்பர் 24 ஆந் திகதி மீட்டது. ஒருவனின் இன்பத்துக்காகப் பல நாடுகளின் கப்பல்களும் வானூர்திகளும் அலைவது முறையோ என வினவுவோர் உளர். ஆயின் அதே கடலில் மீன்பிடிப்போனும் கப்பற்றொழிலாளியும் அவ்வேற்பாட்டினாலேயே காக்கப்படுகின்றனர். கடலில் இடர்ப்பட்டவன் எதற்காகச் சென்றான் என்று கேட்கும் வழக்கம் கடலோடிகளிடையே என்றும் இருந்ததில்லை.

2007 ஆம் ஆண்டு பாஸ்ற்நெற் போட்டியின்போது, கடுங்காற்று வருமென்ற முன்னறிவிப்பை ஏற்று, போட்டியின் வரலாற்றில் முதன்முறையாகப் புறப்பாடு 25 மணித்தியாலம் பிற்போடப்பட்டது. பின்னர் புறப்பட்ட 271 படகுகளில் இருநூறுக்கும் மேற்பட்டவை, காற்று எதிர்பார்த்தவாறே வலுத்தபோது, துறைகளிற் புகுந்து விலகிக்கொண்டன. எவரும் உயிரிழக்கவில்லை. விலகியோரின் தொகை 1979 ஆம் ஆண்டின் தொகைக்கு ஏறத்தாழ ஒப்பானது. அன்று விலகியோருட் பலர் புயலினால் விலக்கப்பட்டனர், இவர்கள் தாமே முடிவெடுத்து விலகினர்.

நான்கு ஆண்டுகளின் பின், 2011 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 15 ஆந் திகதி, ‘றாம்பிளர் 100’ என்னும் நூறடிப் படகு பாஸ்ற்நெற் பாறையைச் சுற்றிய சிறிது நேரத்தில் ஏரா முறிந்து ஒருசில கணங்களிற் கவிழ்ந்தது. அதிலிருந்த 21 பேரில் 16 பேர் தலைகீழான படகின்மீது ஏறினர். ஐவர் அலையில் விலகிப் போயினர். படகின் பெரிய கருவிகள் யாவும் நீருக்கடியில் அகப்பட்டுப் பயனற்றுப் போக, மாலுமிகளின் உடலில் இருந்த சிறு சைகைக்கருவிகளே கரைக்குச் செய்தி அனுப்பின. விலகிச் சென்ற ஐவரும் தம்மை ஒருவரோடொருவர் பிணைத்துக்கொண்டு ஏறத்தாழ இரண்டரை மணித்தியாலம் குளிர்நீரில் மிதந்தனர். பதினாறு பேரையும் மீட்ட பின்னர், கடலில் இன்னும் ஐவர் இருக்கின்றனர் என்பதை அறிந்து தேடுதல் தொடர்ந்தது. அவ்வழியே வந்த படகொன்று இருள் சூழுமுன் அவர்களைக் கண்டு தூக்கியெடுத்தது. இருபத்தொருவரும் கரைசேர்ந்தனர்.